நியூகாசிலில் பிறந்த ராம்நாடு பிஷப்

இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபைகளுக்கு பிஷப் ஆக வேண்டுமென்றால் முதலில் ஆங்கிலிக்கனாக இருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். லெஸ்லி நியூபிகின் ஆங்கிலிக்கன் இல்லை, பிரெஸ்பிட்டேரியன். பிஷப் என்ற பதவியே இல்லாத ஸ்காட்லாந்துச் சபையிலிருந்து மிஷனரியாக வந்தவர். அப்படிப்பட்டவர் 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், மதுரைக்கும் இராமநாதபுரத்துக்குமான பிஷப்பாக அருள்பொழிவு பெற்றார். நாடு சுதந்திரம் அடைந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அவருக்கு வயது 37.

பின்னாளில் உலகம் முழுக்க இறையியல் மாணவர்கள் படிக்கும் பெயராகிவிட்டார். அமெரிக்காவில் அவர் எழுத்தை ஆராய்ச்சி செய்பவர்கள் ஏராளம். ஆனால் அவருடைய முதல் பிஷப் பட்டத்தில் யாருடைய ஊர்ப்பெயர் இருந்ததோ, அந்த ஊர்க்காரர்களில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவருக்குக்கூட அவரைத் தெரியாது. எனக்கும் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

நாங்கள் மண்டபம் பக்கம். ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். இந்தக் கடற்கரையில் கிறிஸ்தவம் என்றால் பெரும்பாலும் அதுதான். ஓரியூர் அருளானந்தர், கச்சத்தீவு அந்தோணியார், தெருமுனைக்கு ஒரு மாதா கெபி. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, ஆங்கிலிக்கன் உட்படச் சில புராட்டஸ்டன்ட் சபைகள் 1947இல் ஒன்றாகி உருவானது) என்றால் இராமநாதபுரம் டவுனுக்குள் இருப்பவர்கள், பள்ளிக்கூடம் வைத்திருப்பவர்கள், பாட்டை நாலு குரலாகப் பிரித்துப் பாடுபவர்கள். அவ்வளவுதான் என் அறிவு. என் மாமனார் வீடு சி.எஸ்.ஐ. ஒருநாள் பேச்சுவாக்கில், "நியூபிகின் பிஷப் இருந்தாரே, வெள்ளைக்காரரு, அவருக்குத் தமிழ் அப்புடி வரும்னு எங்கப்பா சொல்லுவாக மாப்ள" என்றார். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேட ஆரம்பித்தவன்தான், இன்னும் முடியவில்லை.

முதலில் ஊர்க்கதை. இங்கே புராட்டஸ்டன்ட் வரலாறு ஷ்வார்ட்ஸ் ஐயரிலிருந்து (ஐயர் என்றால் இங்கே போதகர்) தொடங்குகிறது. ஜெர்மானியர், லுத்தரன். 1785 வாக்கில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை மூன்று ஊர்களிலும் ஆங்கிலப் பள்ளிகள் உருவாகக் காரணமாக இருந்தவர். அப்துல் கலாம் படித்த ஷ்வார்ட்ஸ் பள்ளியின் பெயர் அவருடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரம் பக்கம் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் வேரூன்றியது. பிஷப், பொது ஜெப புத்தகம், பாதிரியாரின் அங்கி என்று எல்லாம் இங்கிலாந்து முறை.

மதுரைப் பக்கம் வேறு கதை. அங்கே 1834இல் வந்தவர்கள் அமெரிக்கர்கள். அமெரிக்காவிலிருந்து நேராக வரவில்லை, யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷன்தான் கடல் தாண்டி மதுரைக்கு ஆள் அனுப்பியது. பசுமலையும் அமெரிக்கன் கல்லூரியும் அந்த வழியில் வந்தவை. இவர்கள் காங்கிரிகேஷனல் வகை. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும், மேலே பிஷப் என்று ஒருவர் தேவையில்லை. பிஷப் இல்லாவிட்டால் அது சபையே இல்லை என்பவர்கள் இராமநாதபுரத்தில், பிஷப் எதற்கு என்பவர்கள் மதுரையில். நடுவே பரமக்குடி வழியாக ஒரு ரயில்பாதை. இந்த இரண்டு தரப்பையும் ஒரே திருமண்டலமாக்கி (ஒரு பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதி), இரண்டு பேருக்கும் பிஷப்பாக ஒரு பிரெஸ்பிட்டேரியனைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இது எப்படி நடந்தது என்பதற்கு வேதநாயகம் சாமுவேல் அசரியாவைச் சொல்லாமல் முடியாது. திருநெல்வேலிச் சீமை, வெள்ளாளன்விளை. 1874இல் ஒரு கிராமப் போதகருக்குப் பிறந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனரி வேலை செய்வதைப் பார்த்தார். நாம் ஏன் இன்னும் வெள்ளைக்காரன் கையை எதிர்பார்க்கிறோம் என்ற கேள்வியோடு திரும்பினார். அடுத்த வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். அவருடைய திருமண்டலமான தோர்ணக்கல் தெலுங்கு நாட்டில் இருந்தது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஒரு கூட்டம் நடந்தது. பெரும்பாலும் இந்தியப் போதகர்கள். முன்னின்றவர்களில் அசரியாவும் ஒருவர். அவர்களுடைய வாதம் மிகச் சுருக்கமானது. ஸ்காட்லாந்தில் போட்ட சண்டை, லண்டனில் போட்ட சண்டை, இவற்றுக்காக நம்மூரில் எதற்கு மூன்று கோவில், மூன்று கூட்டம்? ஒன்றாகிவிடுவோம். அந்த "ஒன்றாகிவிடுவோம்" நடைமுறைக்கு வர 28 வருடம் பிடித்தது. அசரியா பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1ஆம் தேதி இறந்துவிட்டார்.

எங்கே இத்தனை வருடம் சிக்கியது? பிஷப் என்ற முடிச்சில்தான். ஆங்கிலிக்கன்களின் கணக்கு இப்படி: அப்போஸ்தலர்கள் தலையில் கைவைத்து ஏற்படுத்தியவர், அவர் அடுத்தவர் தலையில், அவர் அடுத்தவர் தலையில் என்று அறுந்துபோகாமல் வரும் வரிசை. அந்த வரிசையில் வந்த பிஷப் கைவைத்து அபிஷேகம் செய்தவர்தான் குருவானவர். மெத்தடிஸ்ட் போதகரும் காங்கிரிகேஷனல் போதகரும் அந்த வரிசையில் இல்லை. அப்படியானால் ஒன்றாகும்போது அவர்களுக்கு மறுபடி அபிஷேகம் செய்ய வேண்டுமா? செய்தால், நாற்பது வருடமாக அவர் கொடுத்த திருவிருந்து எல்லாம் செல்லாது என்று சொன்னதாகிவிடும். அந்த மனிதர் எழுந்து போய்விடுவார்.

கடைசியில் கண்ட வழி நம்மூர்ப் பஞ்சாயத்து முடிவு போல இருக்கிறது. இதுவரை போதகர்களாக இருப்பவர்கள் இருக்கிறபடியே இருக்கட்டும். இனிமேல் வரும் எல்லோரும் பிஷப் கையால்தான் அபிஷேகம் பெற வேண்டும். ஒரு தலைமுறை போனால் எல்லாம் சரியாகிவிடும்.

எனக்கு இது மிக நியாயமாகப் படுகிறது. இங்கிலாந்தில் பலருக்கு அப்படிப் படவில்லை. கவிஞர் டி.எஸ். எலியட் இந்தத் தென்னிந்தியத் திட்டத்தைத் தாக்கி 1943இல் ஒரு சிறு நூலே எழுதினார். பரமக்குடிக்கும் பாம்பனுக்கும் யார் குருவானவர் என்பதில் எலியட்டுக்கு அவ்வளவு அக்கறை! எஸ்.பி.ஜி. தன் பொது நிதியிலிருந்து புதிய சபைக்குப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. ஆந்திரத்தில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் சேரவே மாட்டோம் என்று தனியாக நின்றார்கள். இங்கிலாந்துத் திருச்சபை 1955இல்தான் இவர்களை ஓரளவுக்கு ஏற்றுக்கொண்டது. இன்று சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் உலகக் குடும்பத்தில் முழு உறுப்பினர். ஆனால் 1947இல், நியூபிகின் தலையில் கைகள் வைக்கப்பட்டபோது, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பீடமான கேன்டர்பரிக்கு அவர் ஒரு தலைவலி.

சரி, யார் இந்த மனிதர்? வடகிழக்கு இங்கிலாந்தில் நியூகாசில் துறைமுக நகரத்தில் 1909 டிசம்பர் 8ஆம் தேதி பிறந்தவர். அப்பாவுக்குக் கப்பல் தொழில். கேம்பிரிட்ஜில் படிக்கப் போனபோது பெரிதாகப் பக்தி ஒன்றும் கிடையாது. ஒரு விடுமுறையில் தெற்கு வேல்ஸில் வேலையிழந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய முகாமுக்கு உதவப் போனார். வேலையும் இல்லை, நம்பிக்கையும் இல்லை, குடி மட்டும் இருக்கிறது. அவர்களுக்குத் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று தெரிந்த ஒரு இரவில், வானத்துக்கும் பூமிக்குமாக நீண்ட சிலுவை ஒன்று மனதில் தெரிந்ததாகப் பிற்பாடு எழுதியிருக்கிறார். அப்பாவின் கப்பல் தொழிலுக்குப் போகும் எண்ணம் அதோடு போயிற்று.

1936இல் ஹெலனைத் திருமணம் செய்துகொண்டு சென்னைக்குக் கப்பலேறினார். வந்த கொஞ்ச காலத்திலேயே பேருந்து விபத்தில் கால் நொறுங்கியது. ஊருக்குத் திருப்பி அனுப்பி, அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை. வேறு ஆளாக இருந்தால் அங்கேயே ஏதாவது ஒரு சபையைப் பார்த்துக்கொண்டு தங்கியிருப்பார். இவர் 1939இல் திரும்பி வந்து காஞ்சிபுரத்தில் உட்கார்ந்தார்.

காஞ்சிபுரத்தில் அவர் செய்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ராமகிருஷ்ண மிஷனில் வாரம் ஒருமுறை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாமியார்களோடு ஒரு வாரம் உபநிடதம், ஒரு வாரம் யோவான் சுவிசேஷம் என்று மாற்றி மாற்றி வாசித்தார். மதம் மாற்ற வந்தவர் உபநிடதம் படிக்கிறார் என்று நாம் நெகிழ்ந்துபோகலாம். ஆனால் அவர் அங்கே கவனித்தது வேறு. மண்டபத்தில் மகான்களின் படங்களுக்கு நடுவே இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடும் நடந்தது. இயேசு வந்து இவர்கள் உலகத்தை மாற்றவில்லை, இவர்களுடைய உலகம் இயேசுவுக்கு ஒரு மூலையில் இடம் ஒதுக்கிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. அதற்கும் அப்புறம் வந்ததுதான் முக்கியம். இதையேதானே என் இங்கிலாந்தும் செய்திருக்கிறது? விஞ்ஞானம், சந்தை, முன்னேற்றம் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு, இயேசுவை ஞாயிற்றுக்கிழமை மூலையில் மாட்டிவைத்திருக்கிறதே? நாற்பது வருடம் கழித்து மேற்கத்திய நாடுகளைக் கலக்கிய எழுத்துக்கு விதை இது என்பது என் எண்ணம்.

அப்புறம் மதுரை, ராம்நாடு. 1947 முதல் 1959 வரை 12 வருடம். அந்தக் காலத்து இராமநாதபுரம் மாவட்டம் இன்றைக்கு இருப்பது போல ஒல்லியான கடற்கரைத் துண்டு அல்ல. எண்பதுகளின் நடுவில் பிரிக்கும்வரை சிவகங்கையும் விருதுநகரும் அதற்குள்தான். மழை பெய்தால் கண்மாய், பெய்யாவிட்டால் பனைமரம். பிஷப் என்றால் ஊர் ஊராகப் போக வேண்டும். வளர்ந்த பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனை பிஷப் வந்தால்தான் நடக்கும், பையன்களும் பெண்பிள்ளைகளும் வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். எல்லைக்கே வந்து, மேளம் கொட்டி, மாலை போட்டு, பாட்டுப் பாடி ஊருக்குள் அழைத்துப் போவார்கள். இன்றும் எங்கள் பக்கம் பிஷப் வருகை என்றால் அப்படித்தான், இன்னோவா கார் ஒன்றுதான் கூடுதல்.

அந்த ஊர்ச் சபைகளைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு காட்சி உண்டு. சிறிய கோவில். நடுவே தரையில் கிறிஸ்தவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைச் சுற்றி வட்டமாக, இந்துக்களும் முஸ்லிம்களும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், கேட்கவும் செய்வார்கள். பிரசங்கம் செய்யும்போது அவருக்கு ஒன்று தெரியும். தான் சொல்வதை நிற்பவர்கள் நம்புவதும் நம்பாததும் தன் பேச்சுத் திறமையில் இல்லை. உட்கார்ந்திருப்பவர்களின் அன்றாட வாழ்க்கையில் அது தெரிகிறதா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரன் அல்லவா, எல்லாம் தெரியும்.

நாற்பது வருடம் கழித்து, 1989இல் வந்த அவருடைய மிகப் பிரபலமான புத்தகத்தில் இதுவே ஒரு கோட்பாடாகிறது. நற்செய்திக்கு விளக்கவுரை புத்தகமும் அல்ல, வாதமும் அல்ல, அதை நம்பி வாழும் ஒரு சபைதான் என்கிறார். மேற்கில் இதை மேற்கோள் காட்டாத இறையியல் கட்டுரை குறைவு. இது மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் நடுவே ஏதோ ஒரு காரைச்சுவர்க் கோவில் வாசலில் கிடைத்த பாடம் என்பதை அவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

இன்னொன்றும் இங்கே கற்றதுதான். இத்தனை கிராமத்துக்கும் சம்பளப் போதகர் வைக்கப் பணம் இல்லை. ஒரு ஐயர் இருபது ஊரைப் பார்ப்பார். அதனால் வாராவாரம் சபையை நடத்துவது அந்த ஊர்க்காரர்களே. பகலில் வயல் வேலை, மாலையில் ஜெபம் நடத்துவது. மிஷன்காரர்களுக்கு இது ஒரு குறை. ஆள் போட முடியவில்லையே என்று வருந்துவார்கள். நியூபிகினோ இதுதான் சபையின் இயல்பான நிலை, சம்பளமும் பங்களாவும்தான் பிற்சேர்க்கை என்ற முடிவுக்கு வந்தார்.

இந்த இடத்தில் சி.எஸ்.ஐ. வழிபாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1950இல் புதிய திருவிருந்து ஆராதனை முறை ஒன்றைத் தயாரித்தார்கள். இதில் பெரும்பங்கு நியூபிகினுடையது அல்ல, கேரளத்தில் இருந்த லெஸ்லி பிரவுன் என்ற ஆங்கிலிக்கனுடையது. அதில் கேரளத்தின் பழைய சிரியன் சபையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். சமாதானம் சொல்வது. பீடத்திலிருந்து கை வழியாக வரிசை வரிசையாக இறங்கி வரும். ஒருவர் இரண்டு கையையும் கூப்பினாற்போல நீட்ட, அடுத்தவர் அதைத் தன் கைகளுக்குள் வாங்கிக்கொண்டு திரும்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். மாமனார் வீட்டாரோடு முதல்முறை கோவிலுக்குப் போனபோது எனக்கு இதைச் சரியாக வாங்கத் தெரியாமல் மச்சினனிடம் கைகுலுக்கிவிட்டேன். எங்கள் ஆர்.சி. கோவிலில் சமாதானம் பரிமாறுவது அறுபதுகளில் ரோமில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பரவலானது. சி.எஸ்.ஐ.காரர்கள் எங்களுக்கு முன்னோடிகள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1959க்குப் பிறகு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உலக மிஷனரி அமைப்பு ஒன்றின் செயலாளர் பதவி, ஜெனீவா, விமானப் பயணங்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன 1964இல் அவர் இங்கே இல்லை. 1965இல் சென்னைக்கு பிஷப்பாகத் திரும்பினார், 1974 வரை. அந்தக் காலத்தில் நடந்த ஒன்றை அவர் சொல்லிச் சிரிப்பாராம். ஒரு கிராமத்துக்கு இரண்டு வழிகள். பிஷப் தெற்கு வழியாக வருவார் என்று நினைத்து மேளம், மாலை, ஊர்வலம் எல்லாம் தெற்கே. இவர் வடக்கிலிருந்து போய் இறங்கிவிட்டார். மொத்த ஊரும் அப்படியே திரும்ப வேண்டியதாயிற்று. மனந்திரும்புதல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் உதாரணம் இதுதான். முதலில் நல்லவனாகு, பிறகு கடவுள் வருவார் என்பதல்ல. அவர் வேறு பக்கம் வந்துவிட்டார், நீ திரும்பு.

ஓய்வுபெற்றதும் ஊருக்குப் போனார்கள். எப்படி? விமானத்தில் அல்ல. இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பை, கணவனும் மனைவியும், சென்னையிலிருந்து இங்கிலாந்துவரை பெரும்பாலும் பேருந்தில். பேருந்து விபத்தில் கால் நொறுங்கிய மனிதர் என்பதை மறக்க வேண்டாம். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி. வழியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஜெபிக்க யாராவது கிடைத்தார்கள். கிடைக்காமல் இருவரும் தனியாக ஆராதனை செய்தது ஒரே இடத்தில்தான், துருக்கியின் கப்பத்தோக்கியாவில். வேதாகமத்தில் பெயர் வரும் பகுதி, ஆதித்திருச்சபையின் பெரிய அறிஞர்களைத் தந்த மண். அங்கே ஒரு கிறிஸ்தவர்கூட இல்லை. ஒரு நாட்டில் சபை முற்றிலும் அழிந்துபோக முடியும் என்பதை அவர் கண்ணால் பார்த்தது அங்கே.

இங்கிலாந்தில் இறங்கியதும் அதே நினைப்பு அவருக்கு வந்திருக்க வேண்டும். பர்மிங்ஹாமில் வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரே, மூடப்படவிருந்த ஒரு சின்னச் சபையை எழுபது வயதில் தானே ஏற்றுக்கொண்டார். வீடு வீடாகப் போனார். ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். வெள்ளைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். இந்தியாவில் சந்தித்த எதையும்விட இந்த அலட்சியம் கடினம் என்றார். சென்னைக் குடிசைப் பகுதிகளில்கூட நாளைக்கு நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தது, இங்கே அது இல்லை என்றார். எழுபதுகளின் தொடக்கத்தில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் இந்தோனேசியத் தளபதி சிமாதுபாங் கேட்ட ஒரு கேள்வி அவரை விடவே இல்லை. மேற்கத்திய உலகத்தை மனந்திருப்ப முடியுமா? கடைசிக் காலப் புத்தகங்கள் எல்லாம் அதற்கான பதில்கள்தான். 1998 ஜனவரி 30ஆம் தேதி இறந்தார்.

இவ்வளவு புகழ்ந்தபிறகு என் குறையையும் சொல்ல வேண்டும். "அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்" என்ற யோவான் 17ஆம் அதிகார ஜெபத்தை முன்வைத்து எழுந்த சபை சி.எஸ்.ஐ. ஸ்காட்லாந்துச் சண்டையையும் லண்டன் சண்டையையும் அது தீர்த்தது. நம்மூர்ச் சாதிச் சண்டையை? அவர் பிஷப்பாக இருந்த காலத்திலேயே, 1957இல், பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார், முதுகுளத்தூர் பற்றி எரிந்தது. பிஷப் யார் தலையில் யார் கைவைப்பது என்பதற்கு 28 வருடம் பேசியவர்கள், ஒரே பந்தியில் யார் யாரோடு உட்காருவது என்பதற்கு அதில் பாதியாவது செலவழித்திருக்கலாம். தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகள் இன்றும் உண்டு. நின்று வேடிக்கை பார்க்கும் அந்த வட்டம் இதையும்தானே பார்த்துக்கொண்டிருக்கிறது?

இதை மாமனாரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம். "மூணு சபையை ஒண்ணாக்கவே ஒரு ஆயுசு போச்சு. பன்னெண்டு வருசத்துல ஒரு வெள்ளைக்காரரு சாதியையும் ஒழிச்சிட்டுப் போயிருக்கணுமாக்கும்?" என்றார். தொடங்கியாவது வைத்திருக்கலாமே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க ஆர்.சி.தான மாப்ள. மொதல்ல ஒங்க கல்லறைத் தோட்டத்தப் போய்ப் பாருங்க" என்றார்.